ரப்பர் விரலுக்கு மரியாதை

2014 செப்டம்பரில் ராஜஸ்தான் மாநிலம் சிகார் மாவட்டத்தில் ஒரு தபால் நிலையத்துக்கு ஆதார் உறை ஒன்று வந்தது. உரியவரைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் உறையைப் பிரித்தார்கள். பெயர்: அனுமான்ஜி. தகப்பனார் பெயர்: பவன்ஜி. புகைப்படத்தில் சாட்சாத் ஆஞ்சநேயர். பன்னிரண்டு இலக்க எண்ணும் பக்காவாக இருந்தது. வாயு புத்திரனை இந்திய அரசு அங்கீகரித்துவிட்டது.

அடுத்த ஆண்டு மத்தியப் பிரதேசம் பிந்த் மாவட்டத்தில் டாமி சிங் என்பவருக்கு ஆதார் கிடைத்தது. தகப்பனார் ஷேரு சிங். டாமி சிங் நான்கு காலில் நடப்பவர். வாலும் உண்டு. பதிவு மையத்தில் இருந்தவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. டாமி மீது வழக்கு ஏதும் இல்லை.

சிரித்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் சிரிக்க அவ்வளவாக இடமில்லை. அனுமாருக்கும் டாமிக்கும் தடையில்லாமல் கிடைத்த அங்கீகாரம், நாற்பது வருடம் கரும்பு வெட்டிய கிழவிக்கு மாதாமாதம் மறுக்கப்படுகிறது. எந்த ரேஷன் கடைக்கும் போய்ப் பாருங்கள். மாதத்தின் முதல் வாரம். வரிசை தெருமுனை வரை நிற்கும். கவுன்டரில் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

"பாட்டி, ரேகை விழல. கையைத் தொடைச்சிட்டு வை."

"தொடைச்சிட்டேன் தம்பி."

"தலையில தேய்ச்சிட்டு வை."

முந்தானையில் ஒருமுறை, தலைமுடியில் ஒருமுறை, மறுபடி முந்தானையில். கட்டை விரலை வைக்கிறாள். மெஷின் யோசிக்கிறது. முடியாது என்கிறது.

"அந்தக் கையை வை."

முடியாது.

"கார்டுல வேற யாரு பேரு இருக்கு?"

"பையன் பேரு இருக்கு. அவன் திருப்பூர்ல இருக்கான்."

"அப்ப அவனை வரச் சொல்லு பாட்டி. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பாரு."

அரிசி இலவசம். திருப்பூரிலிருந்து மகன் வந்துபோகும் பஸ் கட்டணமும் ஒருநாள் கூலியும் யார் கணக்கு? அது எந்த பட்ஜெட்டிலும் வராது. விற்பனையாளரைத் திட்டிப் பயனில்லை. இந்தப் பாட்டியை அவருக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். பேத்தி பெயர்கூடத் தெரியும். மெஷினுக்குத் தெரியாதே! தெரிந்த மனுஷன் சொல் செல்லாது, தெரியாத மெஷின் சொல்தான் செல்லும் என்பதற்குப் பெயர் டிஜிட்டல் புரட்சி.

ரேகை ஏன் விழவில்லை என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. சிமென்ட் கலக்கிய கை, சுண்ணாம்பு அடித்த கை, உப்பளத்தில் வேலை செய்த கை, பாத்திரம் தேய்த்த கை, எல்லாவற்றிலும் ரேகையின் மேடு தேயும். வயதானால் தோல் காய்ந்து சுருங்கும். உழைத்தவனுக்கு ரேகை அழியும், உட்கார்ந்திருந்தவனுக்கு அப்படியே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி வேண்டாம், ஒரு கொத்தனார் போதும். விஞ்ஞானிகளும் சொல்லித்தான் இருந்தார்கள். ஆதார் ஆணையம் 2009இல் அமைத்த பயோமெட்ரிக் தரக் குழுவே, இந்தியச் சூழலில் கைரேகையின் தரம் ஆழமாக ஆராயப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தது. ஆராய்ந்துவிட்டுத் தொடங்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. 130 கோடிப் பேர் மீது நேரடியாகச் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியிருக்கிறது. எலியில் சோதிப்பதைவிட இது மலிவு. எலிக்காவது ஆய்வகத்தில் சாப்பாடு போட வேண்டும்.

விளைவு? எதிர்க்கட்சி அறிக்கை வேண்டாம். மத்திய நிதியமைச்சகத்தின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையையே எடுத்துக்கொள்வோம். ரேகை சரிபார்ப்பு தோற்றுப்போகும் விகிதமாக அது எடுத்துச் சொன்ன மதிப்பீடுகள்: ஜார்க்கண்டில் 49 சதவீதம். ராஜஸ்தானில் 37 சதவீதம். பூவா தலையா போட்டுப் பார்த்திருந்தால் ஜார்க்கண்டில் ஏறக்குறைய இதே பலன் கிடைத்திருக்கும். கரன்ட் செலவும் மிச்சம்.

இப்போது மறுபக்கம். 2017 செப்டம்பரில் உத்தரப் பிரதேச அதிரடிப் படை கான்பூரில் ஒரு கும்பலைப் பிடித்தது. ஆதார் பதிவு மைய ஆபரேட்டர்களின் ரேகையை நகலெடுத்து, செயற்கை விரல் செய்து, அதை வைத்து மெஷினைத் திறந்து பதிவு நடத்திக்கொண்டிருந்தார்கள். மெஷின் மறுக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு ஹைதராபாத்தில் இன்னொரு கதை. பத்திரப் பதிவுத்துறை இணையதளத்தில் கிடந்த பத்திரங்களிலிருந்து ஜனங்களின் கைரேகையை எடுத்து ரப்பர் விரல் தயாரித்து, சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்தார் ஒருவர். மெஷின் அதையும் மறுக்கவில்லை. அரசே ரேகையை வாங்கி, அரசே இணையத்தில் போட்டு, அதைத் திருடியவனை அரசே பிடிக்கிறது. மூன்று வேலையும் நம் வரிப்பணத்தில்.

ஆக, உயிருள்ள கிழவியின் விரல் போலி. ரப்பர் விரல் அசல்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டால் டெல்லியில் பதில் தயாராக இருந்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் அட்டர்னி ஜெனரல் எழுந்து நின்று சொன்னார்: ஆதார் தகவல்கள் 13 அடி உயரமும் 5 அடி கனமும் உள்ள சுவர்களுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன. அலாவுதீன் கில்ஜி படையெடுத்து வருவதாக யாரோ தகவல் கொடுத்திருக்க வேண்டும். ஆணையத்தின் தலைமை அதிகாரியும் வந்து, இந்தப் பூட்டை உடைக்கப் பிரபஞ்சத்தின் வயது போதாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், சண்டிகரிலிருந்து வெளிவரும் தி ட்ரிப்யூன் பத்திரிகையின் நிருபர் 500 ரூபாய் கொடுத்து, பத்து நிமிடத்தில், யாருடைய ஆதார் எண்ணைத் தட்டினாலும் பெயர், முகவரி, போட்டோ, போன் நம்பர் எல்லாம் கொட்டும் வழியை வாங்கியிருந்தார். மேலே 300 ரூபாய் போட்டால் கார்டை அச்சடிக்கும் மென்பொருளும் உண்டு. பிரபஞ்சத்தின் வயது பத்து நிமிடம், விலை 800 ரூபாய் என்று தேறியது. ஆணையம் உடனடியாக நடவடிக்கை எடுத்தது. நிருபர் பெயரையும் போட்டு போலீசில் புகார் கொடுத்தது. வீட்டில் திருட்டுப் போனதைச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரன் மேல் கேஸ்.

சுவரின் மேல் இத்தனை நம்பிக்கை இருந்ததால், அந்த ஆண்டு ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவர், முன்பு ஆதார் ஆணையத்தையே நிர்வகித்தவர், தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு "முடிந்தால் ஏதாவது செய்து காட்டுங்கள்" என்ற பொருளில் சவால் விட்டார். சில மணி நேரத்தில் அவருடைய பிறந்த தேதி, முகவரி, போன் நம்பர் என்று வரிசையாக வந்து விழுந்தன. சிலர் அவர் கணக்கில் ஒரு ரூபாய் போட்டுவிட்டு ரசீதும் காட்டினார்கள். எனக்கு எந்தக் கெடுதலும் நடக்கவில்லை என்று அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார். சில நாளில் ஆதார் ஆணையமோ, பொதுமக்கள் யாரும் தங்கள் எண்ணை இப்படிப் பொதுவெளியில் போட வேண்டாம் என்று அறிவுரை சொன்னது. கெடுதல் நடக்காது, ஆனால் செய்யாதீர்கள். விளங்கியதா?

விளங்காதவர்களுக்கு 2022 மே மாதம் இன்னொரு பாடம் நடந்தது. ஆதார் நகலை யாரிடமும் கண்டபடி கொடுக்காதீர்கள், துஷ்பிரயோகம் ஆகும் என்று ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் எச்சரித்தது. ஜனங்கள் பதறினார்கள். ஹோட்டல், லாட்ஜ், காஸ் ஏஜென்சி, கல்யாண மண்டபம் என்று ஊர் முழுக்க ஏற்கெனவே ஜெராக்ஸ் கொடுத்து முடித்தவர்கள் அல்லவா? இரண்டே நாளில் மத்திய அரசு அந்த எச்சரிக்கையை வாபஸ் வாங்கியது. தவறாகப் புரிந்துகொள்ளப்பட வாய்ப்புண்டாம். ஜனங்கள் சரியாகப் புரிந்துகொண்டதுதான் பிரச்சினை.

இத்தனை பாடுபட்டுக் காக்கிற இந்த அட்டை எதை நிரூபிக்கிறது என்று கேட்டால் நீங்கள் தேச விரோதி ஆகிவிடும் அபாயம் உண்டு. இருந்தாலும் கேட்போம். குடியுரிமைக்கு ஆதாரமா? இல்லை, சட்டத்திலேயே இல்லை என்று இருக்கிறது. பிறந்த தேதிக்கு? இல்லை. 2024 ஜனவரியில் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் பிறந்த தேதிக்கான ஆவணப் பட்டியலிலிருந்து ஆதாரைத் தூக்கிவிட்டது. வாக்காளர் பட்டியலுக்கு? 2025இல் பீகாரில் தேர்தல் ஆணையம் ஏற்க மறுத்து, உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு பன்னிரண்டாவது ஆவணமாகச் சேர்த்துக்கொண்டது, அதுவும் குடியுரிமைக்கான சான்றாக அல்ல என்ற நிபந்தனையோடு. குடிமகனா என்று தெரியாது, எப்போது பிறந்தான் என்று தெரியாது, ஆனால் இவன் இவன்தான். அதுவும் ரேகை விழுந்தால்.

இன்னொன்றை மறந்துவிட்டேன். ஆதார் கட்டாயமில்லை. விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். எடுக்காவிட்டால் ரேஷன் இல்லை, மானியம் இல்லை, வேலைக்குக் கூலி இல்லை, பான் கார்டு செல்லாது. மற்றபடி முழுச் சுதந்திரம்.

கட்சிகளின் யோக்கியதையையும் சொல்லிவிடுவோம். 2009இல் காங்கிரஸ் அரசு கொண்டுவந்தது. பணத்தைக் கொட்டியது. அந்தரங்க உரிமை என்று அப்போதே சிலர் கேட்டார்கள். 2014 ஏப்ரலில் குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடி, ஆதாரில் தொலைநோக்கு இல்லை, அரசியல் வித்தைதான் இருக்கிறது, பாதுகாப்பு பற்றிய என் கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று எழுதினார். மே மாதம் பிரதமர் ஆனார். பதில் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. 2016இல் மாநிலங்களவையின் தலையீடு செல்லுபடியாகாதபடி பண மசோதாவாக்கி ஆதார் சட்டத்தை நிறைவேற்றினார்கள். உடனே எதிர்க்கட்சி நாற்காலியில் இருந்த காங்கிரசுக்கு அந்தரங்க உரிமை ஞாபகம் வந்தது. நாற்காலியை மாற்றிப் போட்டால் கொள்கையும் இடம் மாறும். 2018இல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்று சட்டத்தைத் தூக்கி நிறுத்தியது. அந்த ஒன்று, நீதிபதி சந்திரசூட், பண மசோதாவாக்கியது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று எழுதினார். எழுதினார், அவ்வளவுதான்.

சரி, மிச்சம் ஆனது எவ்வளவு? இதுதான் அவர்களுடைய கடைசி அஸ்திரம். போலிகளை ஒழித்தோம், கோடி கோடியாக மிச்சப்படுத்தினோம். காஸ் மானியத்தை எடுத்துக்கொள்வோம். நேரடி மானியத்தால் மிச்சம் என்று பெரிய பெரிய தொகை மேடைதோறும் முழங்கப்பட்டது. 2016இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். அவர் பார்த்த காலத்தில் மானியச் செலவு குறைந்தது 23,316 கோடி. அதில் 21,552 கோடி, உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்ததால் குறைந்தது. கச்சா எண்ணெய் விலை விழுந்ததற்கும் நம் கட்டை விரலுக்கும் என்ன சம்பந்தம் என்று சவுதி அரேபியாவைத்தான் கேட்க வேண்டும்.

அதே தணிக்கைத் துறை 2022இல் ஆதார் ஆணையத்தின் கணக்கையும் புரட்டியது. ஒருவருக்கு ஒரே எண் என்பதுதான் இந்தத் தொழில்நுட்பத்தின் மூச்சு. 2019 நவம்பர் வரை இரட்டைப் பதிவு என்று ரத்து செய்யப்பட்டவை 4.75 லட்சத்துக்கும் மேல். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கைரேகையோ கருவிழியோ எடுக்காமல் ஆதார் கொடுக்க மட்டும் 310 கோடி செலவு. ரேகையே இல்லாத ரேகை அட்டை. 2018-19இல் நடந்த பயோமெட்ரிக் திருத்தங்களில் 73 சதவீதம், பதிவு சரியில்லை என்று ஜனங்களே காசு கொடுத்துச் சரிசெய்துகொண்டவை. சரியாகப் பதியாதது அவர்கள். கட்டணம் கட்டியது நாம்.

ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தை இங்கே எழுதாமல் போக முடியாது. 2017 செப்டம்பரில் அங்கே 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் கார்டு ரத்தாகியிருந்தது. பல மாதமாக அரிசி வரவில்லை. சோறு சோறு என்று கேட்டுக்கொண்டே போய்விட்டாள் என்றாள் தாய். பட்டினி இல்லை, மலேரியா என்றது அரசு. எத்தனை அடையாளம் கேட்ட அரசு! உயிரோடு இருந்தவரை அவள் யார் என்று தெரியவில்லை. இறந்த பிறகு எந்தக் காய்ச்சலில் இறந்தாள் என்பது வரை தெரிந்துவிட்டது. அடுத்த மாதமே மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது: ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது. ஆஹா! சுற்றறிக்கைக்குப் பஞ்சமே வந்ததில்லை இந்த நாட்டில். சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு எந்த மெஷினும் அரிசி போட்டதாகத் தகவல் இல்லை.

இந்த நோய் ரேஷன் கடையோடு நிற்கவில்லை. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் செல்போன் செயலியில் வருகைப் பதிவு கட்டாயம். தினம் இரண்டு முறை வேலை செய்பவர்களைப் போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். ஏரிக்கரையில் டவர் கிடைக்காது. கிடைக்கும்போது பாதிப்பேர் மண் சுமந்துகொண்டிருப்பார்கள். மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போட்டோவுக்கு நின்றால்தான் வேலை செய்ததற்கு அத்தாட்சி. வெட்டிய பள்ளம் கண் முன்னால் இருக்கிறது, அது அத்தாட்சியாகாது. ஊழலை ஒழிக்க வந்த செயலி இது. 2025 ஜூலையில், அதைக் கொண்டுவந்த ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. செயலியில் சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள், படத்தில் இருப்பவர்களும் பட்டியலில் இருப்பவர்களும் ஒத்துப்போகவில்லை. பரிகாரம்? ஊராட்சியில் எல்லாப் படங்களையும் ஆட்களை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். மனிதனை நம்பாமல் மெஷின் வைத்தார்கள். இப்போது மெஷினை நம்பாமல் மனிதனை வைக்கிறார்கள். பள்ளம் வெட்டியவன் கூலிக்குக் காத்திருக்கிறான்.

பென்ஷன்காரர்களுக்கோ ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதை நிரூபிக்கும் பரீட்சை. ரேகை விழாதவர்களுக்கு 2021 முதல் முகத்தைக் காட்டும் வசதி வந்தது. செல்போனைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டும். கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கும் எண்பது வயதுக்காரரைப் பேரன் பிடித்துவைத்துக்கொண்டு, "தாத்தா, சிமிட்டுங்க... இப்பச் சிமிட்டாதீங்க... இப்பச் சிமிட்டுங்க" என்று கெஞ்சுவதை நவம்பர் மாதத்தில் எந்தத் திண்ணையிலும் பார்க்கலாம். "நான் இருக்கேன்" என்று முன்னால் நின்று இருமினால்கூட நம்பாத செல்போன், இமை அசைந்தால் நம்புகிறது.

தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்பதுதான் இதில் மிக அழகான ஏற்பாடு. விற்பனையாளர் மெஷினைக் காட்டுவார். மெஷின் சர்வரைக் காட்டும். சர்வர் டெல்லியைக் காட்டும். டெல்லி ஹெல்ப்லைனைக் காட்டும். ஹெல்ப்லைன் "உங்கள் ஆதார் எண்ணை உள்ளிடவும்" என்று சொல்லும். முன்பெல்லாம் ஒரு தாசில்தாரைத் திட்டலாம், மனுக் கொடுக்கலாம், முற்றுகை போடலாம். சர்வரை எங்கே போய் முற்றுகை போடுவது? நடுவில் 13 அடிச் சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் எதைக் காப்பாற்றுகிறது என்று இப்போதாவது புரிகிறதா?

எதிலும் விதிவிலக்கே கிடையாது என்று சொன்னால் பொய்யாகிவிடும். மத்திய அரசு ஊழியர்களுக்கும் அலுவலகத்தில் ஆதார் இணைந்த ரேகை வருகைப் பதிவு உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. எல்லாரும் விரல் வைக்கும் கருவி தொற்றைப் பரப்பும் என்று அரசுக்கு உடனே புரிந்தது. மார்ச் 6ஆம் தேதியே பணியாளர் துறை உத்தரவு போட்டது: ஊழியர்கள் யாரும் ரேகை வைக்க வேண்டாம், பழையபடி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம். ஒரு தாள், ஒரு பேனா. ரேகை வைக்கவில்லை என்று யாருடைய சம்பளத்தையும் நிறுத்திவைக்கவில்லை. செயலாளரைத் தலையில் தேய்த்துவிட்டு வைக்கச் சொல்லவும் இல்லை. 2021 நவம்பர் வரை, விரலே வைக்காமல், அவர்கள் அவர்கள்தான் என்று இந்திய அரசு நம்பியது.